சிராங்கூன் சாலையில் பஸ் ஏறிய அம்மாவுக்கு

ஒரு பருவம் மட்டும் படிப்பதற்காக ஜனவரியில் மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்தேன். வந்த மூன்றாம் நாள் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா பக்கம் பஸ் ஏறினால், பயண அட்டையில் காசு தீர்ந்திருந்தது. கையில் ஒரே ஒரு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டு. இங்கே ஓட்டுநர் மீதிச் சில்லறை தரமாட்டார் என்பது எனக்குத் தெரியாது. பின்னால் வரிசை நிற்கிறது, எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். நெற்றியில் வீரமாகாளியம்மன் கோவில் குங்குமம். "நோட்டை உள்ளே வை தம்பி" என்று சொல்லி, சின்னப் பர்ஸைத் திறந்து நாணயங்களை ஒவ்வொன்றாக எண்ணி உண்டியலில் போடுவதுபோல் கட்டணப் பெட்டிக்குள் போட்டீர்கள். கடைசி நாணயம் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் பக்கத்தில் உட்காரவைத்து எவ்வளவு சொல்லிக்கொடுத்தீர்கள்! உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம், சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துவைக்க வேண்டும், இப்படி. எங்கள் அறிமுக வகுப்பில்கூட இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

"தைப்பூசத்துக்கு வா" என்றீர்கள். வந்தேன் அம்மா. பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில்வரை, சுமார் 3 கிலோமீட்டர், கூட்டத்தோடு நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு சீனப் பெரியவர் பால்குடம் சுமந்து போனார். வழி முழுக்க உங்களைத் தேடினேன்.

பெயர்கூடக் கேட்காமல் இறங்கிவிட்டேன். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறேன். ரொம்ப நன்றி அம்மா.