வராத ஷாட்டை யார் எண்ணுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இன் கோல் காப்பாளர்களைத் தடுப்புச் சதவீதத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தியிருந்தீர்கள். என் மகள் ஐந்து வருடமாக ஒரு சிறுவர் அணிக்குக் கோல் காக்கிறாள். விடியற்காலையில் அரங்கக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துப் பழகிய எனக்கு அந்தப் பட்டியல் மனதுக்கு ஒப்பவில்லை.

வந்த ஷாட்களில் நூற்றுக்கு எத்தனையைத் தடுத்தார் என்பதுதான் கணக்கு. சரி. ஒருவர் பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) கையுறையில் பிடித்து ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுகிறார். அது ஒரு தடுப்பு. இன்னொருவர் அதைக் கால் கவசத்தில் பட்டுத் தெறிக்கவிட்டு, எதிரணி திரும்ப அடிப்பதையும் தடுக்கிறார். அது இரண்டு தடுப்பு. முதலாமவர் 20 ஷாட்டில் 18 தடுத்தால் 90 சதவீதம். மற்றவர் அதே 20 ஷாட்டில் பத்துத் தடவை தெறிக்கவிட்டு, அதனால் இன்னும் பத்து ஷாட் வந்து, 30-இல் 28 என்று முடித்தால் 93-க்கு மேல். இருவரும் விட்டது 2 கோல்தான். பட்டியலில் மேலே போவது, தன் அணியின் வயிற்றைக் கலக்கியவர்!

முன்னாள் என்.எச்.எல். கோல் காப்பாளர் மார்ட்டின் புரோடரைப் பாருங்கள். லீக் ஆட்டங்களில் 691 வெற்றி. 125 ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை. இரண்டுமே சாதனை. ஆனால் தடுப்புச் சதவீதம் 91.2. அதே காலத்தில் கோல் காத்த டொமினிக் ஹாசெக்குக்கு 92.2. ஹாசெக் மகத்தான ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் புரோடர் செய்த ஒரு வேலை அந்த எண்ணுக்குள் வரவே வராது. எதிரணி மூலைக்குத் தள்ளிவிடும் பக்கை, வலையை விட்டு வெளியே வந்து தானே எடுத்துச் சக வீரருக்கு அனுப்பிவிடுவார். தாக்குதல் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். ஷாட்டே வராதபோது தடுப்பு எங்கே பதிவாகும்? 2005-இல் லீக் விதியையே மாற்றியது. கோல் கோட்டுக்குப் பின்னால் ஒரு சரிவகம் வரைந்து, அங்கே அதற்கு வெளியே கோல் காப்பாளர் பக்கைத் தொட்டால் தண்டனை என்றது. அதைப் பலர் இன்றும் புரோடர் விதி என்றுதான் சொல்கிறார்கள். சதவீதத்தில் தெரியாத ஒரு திறமைக்காகப் பனித்தரையில் கோடு போட்டார்கள் ஐயா.

ஷாட் எங்கிருந்து வந்தது என்று பார்த்து எடைபோடும் புதிய கணக்குகள் பரவாயில்லை. அவையும் பக் வலைப் பக்கம் வந்த பிறகுதான் எண்ணத் தொடங்குகின்றன.

அப்புறம், 2025 பெப்ரவரியில் நான்கு நாடுகள் ஐஸ் ஹாக்கிப் போட்டிக்குக் கனடா ஜோர்டன் பின்னிங்டனைக் கோல் காக்க நிறுத்தியபோது, அவருடைய அந்தப் பருவத்துத் தடுப்பு எண்களைக் காட்டி எத்தனை பேர் முணுமுணுத்தார்கள்! இறுதியாட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராக 31 ஷாட்களைத் தடுத்தார். கூடுதல் நேரத்தில் அவர் தாக்குப்பிடித்திராவிட்டால் கனடாவின் கானர் மக்டேவிட் அந்த வெற்றிக் கோலை அடிக்க வாய்ப்பே இருந்திருக்காது.

அடுத்த முறை பட்டியல் போடும்போது, அந்த ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்த ஒருவரிடம் ஒவ்வொரு பெயருக்கும் நாலு வரி எழுதி வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஸ்கார்பரோ