ராசன் திருப்பிக் கேட்ட தாள்

கொக்குவில்
20 ஜூலை 2025

அன்புள்ள குணா,

நீ பொங்கலுக்குப் போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள், உனக்கு அந்த உரிமை உண்டு. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, தடி இல்லாமல் கிணற்றடி வரை போய் வருகிறா. மூத்தவள் கம்பசில் இரண்டாம் வருடம். உங்கள் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை கொப்பு முறியக் காய்த்தது; இரண்டு கூடை எங்கள் வீட்டுக்கும் வந்தது. சரி, வீட்டுப் புதினம் இவ்வளவுதான். எழுத வந்தது ராசனைப் பற்றி. ஆனால் அதை நேராகச் சொன்னால் உனக்கு விளங்காது, வைனிலிருந்து தொடங்க வேண்டும்.

ரூபன் ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கிறான். இப்போது அவனுக்கு வைன் பைத்தியம். எந்த நாட்டு முந்திரிகை, எந்தச் சரிவில் விளைந்தது, மரப்பீப்பாவில் எத்தனை மாதம் கிடந்தது, வந்த நாளிலிருந்து இதே கதை. சிவா மாஸ்ரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், "நீ குடிக்கிறது லேபலை. அதை மறைத்துத் தந்தால் எது எதென்று சொல்வியோ?" என்று கேட்டுவிட்டார். அந்த இடத்திலேயே நாள் குறித்தாயிற்று. 12ஆம் திகதி சனி பின்னேரம், சுண்டிக்குளியில் யூஜின் வீட்டு மாமரத்தின் கீழ். ருசி பார்க்க ரூபன், மாஸ்ரர், யூஜின், ராசன். பிரஷர் குளிசை போடுவதால் ஊற்றுகிற வேலை எனக்கு.

நான் அதை வடிவாகச் செய்தேன், குணா. போத்தலின் தோளைப் பார்த்தே ரூபன் நாட்டைச் சொல்லிவிடுவான் என்று, எல்லாவற்றையும் அடுப்படியில் வைத்து ஊற்றி, கிளாசை மட்டும் தட்டில் வைத்து வெளியே கொண்டுபோனேன். ஒருவருக்கு 50 மில்லி அளவில். வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்லும் அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை. 16, 18 பாகைக்கு மேல் போகாது. எங்கள் ஊர்ச் சூட்டில் அப்படியே ஊற்றினால் முதலில் மதுசாரம்தான் மூக்கில் ஏறும், பழத்தின் மணம் எழும்பாது. அதனால் போத்தல்களை ஐஸ் வாளியில் இருபது நிமிடம் இறக்கி வைத்தேன்.

ஆறு வைன் என்று அவர்களுக்குச் சொன்னேன். உண்மையில் ஐந்துதான். சிலியின் கார்மெனேர், அவுஸ்திரேலியாவின் ஷிராஸ், தென்னாபிரிக்காவின் பினோட்டாஜ், ரூபன் கட்டிப்பிடித்துக்கொண்டு விமானத்தில் கொண்டுவந்த போர்தோ, பிறகு மேரி மச்சாள் நத்தாருக்குப் போட்ட வைனில் மிஞ்சிய ஒரு போத்தல். ஷிராஸை மட்டும் இரண்டாவதாகவும் ஐந்தாவதாகவும் இரண்டு தரம் ஊற்றினேன். றொபேட் ஹொட்சன் என்ற பேராசிரியர் கலிபோர்னியாவின் வைன் போட்டியில் நடுவர்களுக்கு ஒரே வைனை மூன்று முறை ஊற்றிக் கொடுத்துப் பார்த்தவர். பழகிய நடுவர்களிலேயே பத்தில் ஒருவர்தான் மூன்று முறையும் கிட்டத்தட்ட ஒரே புள்ளியைப் போட்டாராம். அதை 2008இல் எழுதி வெளியிட்டார். எங்கள் ஆட்கள் எப்படி என்று பார்க்க எனக்கு ஆசை.

போத்தல் குளிரும் வரைக்கும் மாஸ்ரர் பாரிஸ் கதையைச் சொன்னார். 1976 மே 24ஆம் திகதி, ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி ஒன்பது பிரெஞ்சு நடுவர்களை இருத்தி, பெயர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தார். சிவப்பில் பத்து, நான்கு போர்தோ, ஆறு கலிபோர்னியா. பிரான்சுதான் வெல்லும் என்று எல்லோரும் நினைத்திருக்க, முதலாவதாக வந்தது ஸ்டாக்ஸ் லீப் என்ற கலிபோர்னிய வைன், 1973ஆம் ஆண்டுச் சரக்கு. முடிவு வாசித்ததும் ஒடெத் கான் என்ற நடுவர் எழும்பித் தன் புள்ளித்தாளைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டாராம். மாஸ்ரர் அந்த அம்மாவைப் போலவே கையை நீட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். ராசனும்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

மாஸ்ரர் இன்னொன்றும் செய்து காட்டினார். யூஜினின் மகனைக் கூப்பிட்டு, கண்ணையும் மூக்கையும் பொத்தச் சொல்லி, வாயில் ஒரு துண்டு அப்பிளும் பிறகு ஒரு துண்டு உருளைக்கிழங்கும் வைத்தார். பெடியன் இரண்டும் ஒன்றென்றான். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாற்றில் வருகிற அந்தச் சுவை, இவ்வளவுதான். மிச்சமெல்லாம் தொண்டைக்குப் பின்வழியால் மூக்குக்கு ஏறிப் போகிற மணம். மாஸ்ரர் இதைச் சொல்லும்போது ராசன் கையிலிருந்த சுருட்டை உருட்டிக்கொண்டிருந்தான். பற்றவைக்கவில்லை.

இரண்டாவது கிளாசுக்கு ரூபன் 20க்கு 16 போட்டான். அதே வைன் ஐந்தாவதாக வந்தபோது 11. யூஜின் முதலில் 9, பிறகு 14. மாஸ்ரருக்கு 12, 15. ராசன் இரண்டுக்கும் 13 போட்டு, "ரெண்டாவதுதான் திரும்பி வந்திருக்கு" என்றும் எழுதியிருந்தான். நான் அதை உரத்து வாசிக்க, முற்றமே அதிர்ந்தது. ரூபன் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தான். உனக்குத் தெரியும்தானே, கள்ளுத் தவறணை வாசலில் பிளாவை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "பனையோடை தென்னை கலந்திருக்கு" என்று சொன்னவன். அன்று நீ பந்தயத்தில் தோற்ற சைக்கிள் டைனமோவை இன்னும் வைத்திருக்கிறான். எங்கள் ராசனின் மூக்கு அப்படியே இருக்கிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாலாவதைத்தான் சொல்ல வந்தேன். அது ரூபனின் போர்தோ. தக்கையைத் திருகி எடுத்தபோதே எனக்கு ஒரு மாதிரி மணத்தது. விலை கூடிய சாமான் இப்படித்தான் இருக்கும் போல என்று ஊற்றிவிட்டேன். ரூபன் கிளாசை மூக்கடிக்குக் கொண்டுபோனவுடன் முகத்தைத் திருப்பினான். நனைந்த மட்டைப்பெட்டி என்றான். வெள்ளம் வடிந்த பிறகு திறந்த புத்தக அலுமாரி என்றார் மாஸ்ரர். யூஜின் ஒன்றும் பேசாமல் மாமரத்தடியில் ஊற்றினான். தக்கை கெட்ட வைனாம் அது. தக்கையில் ஒரு பூஞ்சணம் உண்டாக்குகிற பொருள், ஒரு லீற்றரில் சில நானோகிராம் கலந்தாலே போதும், ஆளைக் கலைக்கும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் மூக்குள்ள எவனும் அதைத் தொடமாட்டான்.

ராசன் முழுக் கிளாசையும் குடித்து முடித்தான். ஆறுதலாக, மூன்று மிடறாக. தாளில் எழுதியிருந்தான்: "புளிப்பு அளவு. துவர்ப்பு நல்லது. 14." அவன் அன்று போட்ட ஆகக் கூடிய புள்ளி அதுதான்.

மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அதற்குள் வெற்றி யாருக்கு என்ற சத்தம் எழும்பிவிட்டது. வென்றது மேரி மச்சாள்! எங்கள் ஊர் இஸ்ரேல் புளூ முந்திரிகை, சீனி, ஈஸ்ட், சாடி வாயில் கட்டிய வெள்ளைத்துணி, வேறொன்றும் இல்லை. ரூபன் 17 போட்டான். யூஜின் 18 போட்டுவிட்டு, தன் வீட்டுச் சாடி வைன் என்று தெரிந்ததும் மனுசியின் முகத்தைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக நத்தாருக்கு நத்தார் குடிப்பவன், ஒருநாளும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லையாம். மச்சாள் சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி, "அந்தப் பதினெட்டை ஒருக்கா உரத்து வாசியுங்கோ" என்றா. மூன்று தரம் வாசித்தேன்.

அந்தச் சிரிப்புக்குள் ராசன் என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "மச்சான், என்ரை தாளைத் தா" என்றான். கையை நீட்டினான். பாரிஸ் கதை போலப் பகிடி விடுகிறான் என்று நிமிர்ந்து பார்த்தேன். பகிடி இல்லை. கை நடுங்கியது. கொடுத்தேன். நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு அவனை என் மோட்டார்சைக்கிளில்தான் ஏற்றி வந்தேன். கொக்குவில் ரயில் கடவையில் கேற் போட்டிருந்தது. எஞ்சினை நிறுத்தினேன். பின்னாலிருந்து, "தயா, எனக்கு ஏழு மாதமா ஒரு மணமும் இல்லை" என்றான். ரயில் போய், கேற் திறந்து, பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்கும்வரை எனக்கு வாய் வரவில்லை.

போன மார்கழியில் வந்த காய்ச்சலும் தடிமலும். காய்ச்சல் நாலு நாளில் விட்டது, மணம் திரும்பி வரவில்லை. இன்று வரும், நாளைக்கு வரும் என்று இருந்திருக்கிறான். அந்த ஷிராஸை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டேன். "மணம் இருக்கிற உங்களுக்கு ஆயிரம் யோசனை வரும். எனக்கு நாக்கில் புளிப்பும், பல் முரசில் பிடிக்கிற துவர்ப்பும் மட்டும்தான். அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தன்" என்றான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

குணா, அவன் தொழில் என்ன தொழில்? சுருட்டுக் கொட்டிலில் புகையிலைக்குப் போடுகிற கோடாச் சாற்றின் பதம் பார்ப்பது யார்? அவன் அப்பாவுக்குப் பிறகு அவன் மூக்குத்தான். இலையை விரித்து முகத்தில் பொத்தி, ஒரு மூச்சு இழுத்து, இது இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும் என்பான். இந்த ஏழு மாதமும் இலையை அதே மாதிரி முகத்தில் பொத்திக்கொண்டு, ஓரக்கண்ணால் மணியண்ணையின் முகத்தைப் பார்த்திருக்கிறான். மணியண்ணை தலையாட்டினால் இவனும் சரி என்பான். வைகாசியில் மணியண்ணை ஊரில் இல்லாத கிழமை போட்ட கோடா பிழைத்துவிட்டது. காலிக்கு அனுப்பிய கட்டுகள் திரும்பி வந்தன. மழை ஈரம் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான். எனக்கும் அப்படித்தான் சொன்னான், நானும் நம்பினேன். ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அவனோடு கதைத்தவன் நான். இவன் ஏன் ஒடியல் கூழை இரண்டாம் முறை கேட்பதில்லை என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. இது என்னை நித்திரை கொள்ள விடுகிறதில்லை.

அவன் மனுசி சாந்திக்குத் தெரியும். அடியில் பிடித்துக் கருகிய பாலை மனுசன் சலனம் இல்லாமல் குடித்த அன்றே கண்டுபிடித்துவிட்டா. காஸ் அடுப்பு இப்போது அவவின் பொறுப்பு. ஒழுகினால் தெரியவேண்டும் என்றுதானே காஸில் அந்த நாற்றத்தையே கலக்கிறார்கள். அது இவனுக்குத் தெரியாது. தீப்பெட்டியையும் மறைத்து வைத்திருக்கிறா.

சரி, செய்தது என்ன என்று கேட்பாய். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூக்குக்குள் சதை வளர்ச்சி ஒன்றும் இல்லை, வைரசால் நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டொக்டர். மணப்பயிற்சி செய்யச் சொன்னார். ஜேர்மனியில் தோமஸ் ஹும்மெல் என்பவர் 2009இல் எழுதிய முறையாம்: ரோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு, இந்த நாலு மணத்தையும் காலையும் மாலையும் முகர வேண்டும், குறைந்தது பன்னிரண்டு கிழமை. எல்லோருக்கும் திரும்புவதில்லை. ஒரு பகுதிப் பேருக்குத் திரும்பியிருக்கிறது. சுணங்காமல் தொடங்கினால் நல்லதாம். நாங்கள் ஏழு மாதத்தை விட்டுவிட்டோம்.

நாலு தைலக் குப்பியைக் கழுவிக் காயவைத்து, பஞ்சு வைத்து நானே செய்து கொடுத்தேன். கராம்பை இடித்துப் போட்டது, தேசிக்காய்த் தோல், யூக்கலிப்டஸ் தைலம், பன்னீர். முதல் நாள் யூக்கலிப்டஸை முகர்ந்துவிட்டு, "ஏதோ தெரியுது மச்சான்" என்று எழும்பி நின்றான். அது மணமில்லை, மூக்கு நரம்பில் படுகிற குளிர்மை என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். எனக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பொய் சொல்லவும் கூடாது, அவனுக்கு ஏழு மாதப் பொய் போதும். சொன்னேன். திரும்ப இருந்து, தேசிக்காய்க் குப்பியைத் திறந்தான். இன்றைக்கு ஆறாம் நாள். ஒருநாளும் தவறவிடவில்லை.

உனக்கு எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "குணாவுக்கு எழுது, வேற ஒருத்தருக்கும் வேண்டாம்" என்றான். அதனால் உன்னிடம் மூன்று விஷயம். மருந்துக்கடையில் முப்பது வருடம் நிற்கிறவன் நீ, இதற்கு வேறேதும் வைத்தியம் இருந்தால் விசாரித்து எழுது, இணையத்தில் விற்கிற கண்ட மருந்தையும் அனுப்பாதே. இரண்டாவது, ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பிறகு அவனுக்கு எடு. ஆறுதல் சொல்லாதே, டைனமோவைத் திருப்பித் தா என்று சண்டை பிடி. மூன்றாவது, இங்கே கிடைக்கிற பன்னீரில் ரோசா மணம் போதாது, எனக்கே மட்டுமட்டாகத்தான் தெரிகிறது. நல்ல ரோசா எண்ணெய் ஒரு சின்னக் குப்பி வாங்கி, நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற உன் தங்கச்சியிடம் கொடுத்துவிடு. நன்றாக மூடி, சுற்றிக் கட்டு. அவ சீலைகளோடு வைத்துக்கொண்டு வந்தால் பிறகு எனக்குத்தான் ஏச்சு.

உன்,
தயா