சொல்லின் வாலும் ஆசிரியரின் பேனாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

'துருக்கி மொழியில் சொல்லின் வால் மனம்போல மாறும், விதியெல்லாம் கிடையாது' என்று இஸ்தான்புல் பயணத் தொடரில் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். வால், அதாவது விகுதி, மாறுவது உண்மை. மனம்போல அல்ல, முன்னால் நிற்கும் உயிரெழுத்தைப் போல. 'எவ்' வீடு, வீட்டில் 'எவ்தெ'. 'அரபா' வண்டி, வண்டியில் 'அரபாதா'. விகுதிகளின் அடுக்கும் மாறாது: எவ்-லெர்-இமிஸ்-தெ. வீடு, கள், நம், இல். நாம் 'நம்'மை முன்னால் வைக்கிறோம், அவ்வளவுதான். 'கிதாப் ஒகுதும்' புத்தகம் படித்தேன். இன்ன புத்தகம் என்றால் 'கிதாபு ஒகுதும்', புத்தகத்தைப் படித்தேன். இரண்டாம் வேற்றுமையை நம்மைப் போலவே விட்டும் சேர்த்தும் பேசுகிற மொழிக்கு விதி இல்லையாம், அதுவும் தமிழ் இதழில்!

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். துருக்கி நாடகத் தொடர் விமர்சனத்தில் 'பாபாம் என்றால் அப்பா' என்றீர்கள். அப்பா 'பாபா', ஒட்டியிருக்கும் 'ம்' தான் 'என்'. உன் அப்பா 'பாபான்'. பிறகு 'குலெசி என்றால் கோபுரம்'. கோபுரம் 'குலெ' ஐயா! இஸ்தான்புல்லின் காலாட்டா குலெசியில் வரும் 'சி' உடைமை விகுதி: காலாட்டா, அதன் கோபுரம். பாலம் 'கொப்ரூ', ஆகவே காலாட்டா கொப்ரூசூ. மெய்யில் முடியும் சொல்லுக்கு அந்தச் சகரம் வேண்டாம்: அரண்மனை 'சராய்', தோப்காபு சராயு. (அந்தக் கடைசி ஒலி நம் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கம்.) அதைத் தாங்கள் 'சாராயி' என்று அச்சிட்டிருந்தீர்கள். அதை நம்பி விசாரிக்கிற வாசகர் எந்தக் கடை வாசலில் போய் நிற்பாரோ.

இந்த இதழின் 'பத்து வாக்கியங்கள்' பெட்டியில் விமான நிலையத்துக்கு என்பது 'ஹவாஆலானுயா' ஆகியிருக்கிறது. 'யா' சாதாரண உயிரீற்றுச் சொல்லுக்கு: அரபாயா, வண்டிக்கு. 'ஹவாஆலானு' அப்படியல்ல. ஹவா வான், ஆலான் திடல், கடைசி உகரம் உடைமை விகுதி. படர்க்கை உடைமைக்குப் பின் வேற்றுமை வந்தால் நடுவில் னகரம் நின்றாக வேண்டும்: போவதற்கு 'ஹவாஆலானுனா', அங்கிருந்து வருவதற்கு 'ஹவாஆலானுந்தான்'. டாக்சிக்காரருக்குப் புரியாமல் போகாது, சிரித்துக்கொண்டே கூட்டிப்போவார்.

தங்களுக்குத் தெரியாததா? அச்சுப்பிழை என்றே வைத்துக்கொள்கிறேன். அடுத்த இதழில் அந்த ஒரு வாக்கியத்தையாவது திருத்திப் போடுங்கள். ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்