நோயாளியின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று தெரிந்ததும் வீட்டார் முதலில் செய்வது பத்தியம் வைப்பதுதான். முட்டை சூடு, மீன் கிரந்தி, பால் சளி, பருப்பு வாய்வு என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போக, கடைசியில் நோயாளிக்கு மிஞ்சுவது சாயத் தண்ணியும் (வெறும் தேநீர்) அதில் நனைத்த ரொட்டியும்தான். என் தந்தைக்கு வாய்ப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்தபோது எங்கள் வீட்டிலும் இதுவே நடந்தது. ஆசிரியையான நானும் அதைத் தடுக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றையும் நாற்பது வருடம் மென்றவர் அப்பா. (புகையிலையை விட்டால் போதும், பாக்கு ஒன்றும் செய்யாது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள், பாக்கும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும்.) கிழமைக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு. மூன்றாவது கிழமையில் வாயெல்லாம் புண்ணாகி, உமிழ்நீர் வற்றிவிட்டது. சோறு மண் மாதிரி இருக்கிறது, தண்ணீர்கூட இரும்பு வாசம் அடிக்கிறது என்றார். பழக்கதோஷத்தில் ஒருநாள் ரொட்டியோடு கொச்சிக்காய்ச் சம்பலைத் தொட்டு வாயில் வைத்தவர், விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிகிச்சை தொடங்கியபோது 58 கிலோ இருந்தவர் ஆறாவது கிழமையில் 50 கிலோ. அதாவது உடம்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரே மாதத்தில் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தாலே அதைக் கவலைக்குரியதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவத்தில் பொதுவான அளவுகோல். எடை இப்படிச் சரிந்தால் புண் ஆறுவது தாமதிக்கும், தொற்று எளிதில் பற்றும், சிகிச்சையையே இடையில் நிறுத்த வேண்டியும் வரலாம். அப்பாவின் எடையை ஒவ்வொரு முறையும் கிளினிக் அட்டையில் குறித்தார்கள். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று எங்களுக்குத் தமிழில் சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை. கொழுந்தைக் கிலோக் கணக்கில் நாள்தோறும் நிறுத்துப் பழகிய எங்கள் வீட்டில், அப்பாவின் கிலோக்கள் போவதை மட்டும் யாரும் எண்ணவில்லை.

மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டபோது அப்பா அடியோடு மறுத்துவிட்டார். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மூக்கில் குழாய் என்றால் ஆள் முடிந்தது என்று அர்த்தம். புண் ஆறும்வரை உடம்பைத் தாங்குவதற்கான ஏற்பாடு அது, வாயால் சாப்பிட முடிந்ததும் கழற்றிவிடுவார்கள் என்பதை அவருடைய மொழியில் ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் அவர் சம்மதித்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். தமிழும் அரசகரும மொழி என்று இலங்கை அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல். ஆனாலும் அந்த ஐந்து நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்களுக்கு வழி காட்டியவர் வார்டில் வேலை செய்த தமிழ்ச் சிற்றூழியர் ஒருவர். அவர் சொன்னபடி ஒரு பிடி அரிசியையும் ஒரு பிடி மைசூர்ப் பருப்பையும் குழைய வேகவைத்து, கொதிக்கும்போதே அடித்த முட்டையை ஊற்றி நன்றாக வெந்தபின், கட்டித் தேங்காய்ப் பாலும் கொஞ்சம் உப்பும் சேர்த்து, நன்றாக ஆறவைத்துக் கொடுத்தோம். மிளகாய், புளி, தேசிக்காய் எதுவும் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு என்ற பேச்சையே விட்டுவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆறு கரண்டி. சூடான உணவின் வாசம் குமட்டலைத் தூண்டியதால், சமைக்கும்போது அவரை வெளித் திண்ணையில் உட்காரவைத்தோம். மரத்தடியில் வீணாகிக் கிடந்த ஆனைக்கொய்யாவை (அவகாடோ) பாலில் மசித்துக் கொடுத்தபோது, பல நாட்களுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் தா என்று கேட்டார். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் உப்பும் அப்பச்சோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி கரைத்து, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வாய் கொப்புளித்து வந்ததில் எரிவும் தணிந்தது.

பலத்துக்கு என்று பச்சை முட்டையை உடைத்து ஊற்ற வருகிற அன்பான அயலவர்களை மட்டும் தடுக்க வேண்டும். சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது வேகாத முட்டை ஆபத்தானது. விழுங்கும்போது இருமலோ புரையேறுவதோ இருந்தால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் கணக்கு வேறு. மேலே சொன்னதை அவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பின்பற்றக் கூடாது.

முட்டையும் பாலும் தினமும் வாங்க முடியாத வீடுகள் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. கையில் இருக்கிற முட்டையையே நோயாளிக்குக் கொடுக்கப் பயந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிற வீடுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கண்டிக்கும் பதுளைக்கும் மஹரகமவுக்கும் போய்வருகிற மலையக நோயாளிகளின் கையில், லயத்து அடுப்பில் எதைச் சமைக்கலாம் என்று சொல்லும் ஒரு பக்கத் தாள் தமிழில் இருக்க வேண்டும். சுகாதார அதிகாரிகளிடம் நான் கேட்பது இவ்வளவே. பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) குழந்தைகளை நிறுக்கும் நாளில் தோட்டத்தின் நோயாளிகளையும் நிறுத்துக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. அந்தத் தாளை எழுதித் தர நான் ஆயத்தம். சரிபார்த்துத் தர ஒரு போசாக்கு நிபுணர் முன்வந்தால் போதும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.