கோடு கிழித்தது யார் என்று பார்

அன்புள்ள கயல்,

வார்டு தேர்தலில் தோற்றதும் "இனி தேர்தல் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன், கோர்ட்டு வேலை போதும்" என்று போனில் சொன்னாயே, அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசியிருந்தால் சண்டையில் போய் முடிந்திருக்கும்.

பார்பரா ஜோர்டன் என்ற பெயர் உனக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க அதிபர் நிக்ஸன் மீதான பதவிநீக்க விசாரணையில் 1974 ஜூலையில் அவர் பேசியதை உங்கள் வக்கீல் வட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட அதற்கு முந்தைய வருடங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பெண் அவர். 1936-இல் பிறந்தவர். அப்பா போதகர், கிடங்கில் குமாஸ்தா வேலையும் பார்த்தவர். பாஸ்டனில் 1959-இல் சட்டம் முடித்து, ஒரு வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ஊர் திரும்பினார். அலுவலகம் வைக்க வசதி இல்லை. பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் வழக்குக் கொண்டு வந்தவர்களைப் பார்த்தார். நீ வாடகை அறைக்குப் போர்டு மாட்டிவிட்டாய், அந்த வகையில் அவரைவிட ஒரு படி மேல்.

1962-இல் மாநிலக் கீழவைக்கு நின்றார், தோற்றார். 1964-இல் மறுபடி நின்றார், மறுபடி தோல்வி. இந்த இடத்தில்தான் நீ நிதானித்துப் படிக்க வேண்டும். அந்தத் தேர்தலில் மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி மாதிரி ஓட்டுப் போட்டார்கள். அவருடைய பகுதி மக்கள் எவ்வளவு திரண்டு வந்தாலும் அந்தப் பெரிய எண்ணிக்கைக்குள் கரைந்துபோனார்கள். போதாததற்கு, மாநிலத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டுமென்றால் வரி கட்டியிருக்க வேண்டும். ஏழைகள் எங்கே போவார்கள்? தொகுதிகளில் மக்கள்தொகை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் டெக்சாஸில் எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். ஓட்டு வரியும் 1966-இல் ஒழிந்தது. அதே வருடம் அதே பெண் மாநில செனட்டுக்கு நின்று ஜெயித்தார். 1883-க்குப் பிறகு அந்த அவைக்குள் போன முதல் கறுப்பினத்தவர் அவர்தான். முன்னும் பின்னும் ஆள் ஒன்றுதான், கயல். கோடுதான் மாறியது.

அவையில் 31 பேர். அதில் பெண் அவர் ஒருவர், கறுப்பினத்தவரும் அவர் ஒருவர். தன்னை உள்ளே விட விரும்பாதவர்களோடு உட்கார்ந்து பேசி அவர்கள் ஓட்டை வாங்கக் கற்றுக்கொண்டார். மாநிலத்தின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாத தொழிலாளர்களுக்கான சட்டம் அது. கோர்ட்டில் நீ ஒரு ஆளுக்குக் கூலிபாக்கி வாங்கித் தர எத்தனை வாய்தா அலைகிறாய், நினைத்துப் பார்.

1972-இல் அவரை அந்த அவையின் தற்காலிகத் தலைவராகச் சக உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஒரு மரபு: அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஒரே ஒரு நாள் மட்டும் ஆளுநராக இருப்பார். அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டில் வருபவர். ஜூன் 10 அன்று மகள் அந்த நாற்காலியில் இருந்ததை அவர் அப்பா நேரில் பார்த்தார். மறுநாள் அவர் இறந்துவிட்டார். அந்த அப்பாவை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு என்னவோ செய்கிறது.

அப்புறம் நாடாளுமன்றம், புகழ், தண்டுவடத்தையும் மூளையையும் பாதிக்கும் நோய், கடைசியில் ஆஸ்டினில் பேராசிரியர் வேலை. 59 வயதில், 1996-இல் போய்விட்டார்.

உன்னை மறுபடி நில் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் நீ "எனக்கு ராசி இல்லை" என்று சொன்னதை ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். உன் வார்டின் பூத் வாரியான ஓட்டுக் கணக்கை எடுத்து எனக்கு அனுப்பு. எந்தத் தெரு வரவில்லை, எந்தத் தெருவைப் பக்கத்து வார்டில் சேர்த்துவிட்டார்கள், யார் பெயர் பட்டியலில் விடுபட்டது என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்ப்போம். பொங்கலுக்கு வரும்போது வார்டு வரைபடத்தையும் கொண்டு வா.

அன்புடன்,
அம்மா