டான்யூப் கரையிலிருந்து திரும்பி வந்து எழுதும் கடிதம்

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு நண்பர் கோவிந்தன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணியாரின் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்பதைப் படித்து நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம். சரசுவும் நானும் டான்யூப் ஆற்றங்கரையில் சைக்கிளில் போய்வந்த செய்தி உங்களை எட்டிவிட்டது என்றும், இந்த வயதில் வழிகாட்டி இல்லாமல் அப்படிப் போகலாமா என்று அண்ணியார் கவலைப்பட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் இருவரும் அவசியம் அங்கே போய்வர வேண்டும் என்பது என் விருப்பம். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா வரை ஏறக்குறைய 320 கிலோமீட்டர். முதன்முறை போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாதை கிடைப்பது அரிது. முற்காலத்தில் சரக்குப் படகுகளை நீரோட்டத்துக்கு எதிராகக் குதிரைகள் கயிறு பூட்டி இழுத்துச் சென்ற கரைவழி, 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு அந்த வேலையை இழந்து, இன்று பல இடங்களில் சைக்கிள் பாதையாகியிருக்கிறது. குதிரைகள் பாரம் இழுத்த வழி என்பதால் மேடு பள்ளம் மிகக் குறைவு. ஆறு போகும் திசையிலேயே நாமும் போகிறோம். காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசி முதுகைத் தள்ளுகிறது. உங்கள் முழங்காலை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

வழிகாட்டி இல்லை என்றாலும் ஏற்பாடு இருக்கிறது. சுற்றுலா நிறுவனத்தாரே விடுதிகளை முன்பதிவு செய்து, வரைபடத்தையும் சைக்கிள்களையும் கொடுத்து, காலையில் நாம் விடுதியில் விட்டுச் செல்லும் பெட்டிகளை மாலைக்குள் அடுத்த ஊரில் சேர்த்துவிடுகிறார்கள். நம் பொறுப்பு மிதிப்பது மட்டுமே. முன்பு பேருந்தில் கூட்டத்தோடு போன சுற்றுலாக்களில், கழிப்பறைக்குப் போவதற்குக்கூடச் சரசு மணியைப் பார்த்துத் தவித்திருக்கிறாள். இங்கே அவள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினோம், கால் வலித்தால் புல்லில் உட்கார்ந்தோம், வழி பிரியும் இடங்களில் வரைபடத்தை விரித்து இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தோம். பிள்ளைகளும் வேலையும் இடையில் நின்ற இத்தனை ஆண்டுகளில், நாள் முழுவதும் இப்படி ஒருவரையொருவர் கேட்டு நடந்துகொண்டதாக எனக்கு நினைவில்லை.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அது மறக்காமலிருக்கச் சரசு தன் வலப்பக்கக் கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டிக்கொண்டாள். அவளுக்கு மின்சைக்கிள் எடுத்தோம், எனக்குச் சாதாரண சைக்கிள். புறப்படுவதற்கு முன் லிந்தாங் சடக்கை ஒட்டிய செம்பனைத் தோட்டங்களுக்குள், பழ லாரிகள் ஓடத் தொடங்காத விடியற்காலையில் பழகியது மிகவும் உதவியது.

பாசாவில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே வந்த வெள்ளம் 1501ஆம் ஆண்டுக்குப் பின் வந்தவற்றில் மிகப் பெரியதாம்; நகர மண்டபத்துச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டோடு குறித்து வைத்திருக்கிறார்கள். ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு காட்டுமலையைச் சுற்றி வளைந்து, வந்த திசைக்கே திரும்புகிறது. அங்கே இடக்கரைப் பாதை சிறிது தூரத்துக்கு அறுந்துபோவதால் சைக்கிளோடு படகில் ஏற வேண்டும்.

மவுத்தவுசனைப் பற்றி மட்டும் நிறுத்தி எழுத வேண்டும். ஆற்றங்கரையில் அழகான சிற்றூர். அதற்கு மேலே குன்றின்மீது, 1938 முதல் 1945 வரை நாஜிகள் நடத்திய வதைமுகாம். பாதை முழுவதிலும் கடுமையான ஏற்றம் அது ஒன்றுதான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சரசு முன்பே போய்க் காத்திருந்தாள். கைதிகள் கருங்கல்லை முதுகில் சுமந்து ஏறிய 186 படிகள் கற்சுரங்கத்தில் இன்றும் இருக்கின்றன. அந்த முகாமிலும் அதன் கிளைகளிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் பேர் அடைக்கப்பட்டு, குறைந்தது தொண்ணூறாயிரம் பேர் மாண்டார்கள். தங்கள் மக்களுக்காகப் பல நாடுகளும் அங்கே நினைவுச் சின்னம் எழுப்பியிருப்பதைப் பார்த்தபோது, நம் தோட்டங்களிலிருந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களை நினைத்துக்கொண்டேன். என் பெரிய தாத்தா அப்படிப் போனவர். எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சின்னங்களின் முன் சரசு தண்ணீர் தெளித்துக் கும்பிட்டாள். அன்று மாலை நாங்கள் அதிகம் பேசவில்லை. உல்லாசப் பயணத்தில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கட்டாயம் ஏறிப் பாருங்கள்.

அதன் பிறகு வருவது வாஹாவ் பள்ளத்தாக்கு. மெல்க் மடாலயம் 1089 முதல் பெனடிக்டின் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் இடம். இன்றிருக்கும் மஞ்சள் கட்டடம் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. டூர்ன்ஸ்டைனில், இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192ஆம் ஆண்டு இறுதியில் சிறைவைத்த கோட்டை மலைமேல் இடிந்து நிற்கிறது. நாங்கள் போனது செப்டம்பர். படிப்படியாக அடுக்கிய கற்சுவர்களுக்கு நடுவே திராட்சைக் குலைகள் அறுவடைக்குக் காத்திருந்தன. ஏப்ரிகாட் பழம் ஜூலையில்தான் பழுக்கும் என்பதால் எங்களுக்கு ஜாம்தான் கிடைத்தது. காலைப் பசியாறலில் ரொட்டியோடு அதைச் சாப்பிட்டே சரசு உடம்பைத் தேற்றிக்கொண்டாள்.

மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை; பயணக் காப்புறுதியை மட்டும் வயதுக்கேற்றபடி பார்த்து எடுங்கள். இருக்கையில் உட்காரும் வலிக்கு மெத்தை வைத்த கால்சட்டை அவசியம். மழைச்சட்டையைப் பெட்டியில் போட்டுவிடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மே மாதமும் செப்டம்பரும் நமக்கு ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம்.

நீங்கள் முழங்காலை மருத்துவரிடம் காட்டிவிட்டு அவர் சொல்வதை எழுதுங்கள். அவர் சம்மதித்தால் எங்கள் வரைபடத்தையும் சரசு எழுதி வைத்திருக்கும் சாமான் பட்டியலையும் தபாலில் அனுப்பிவிடுகிறேன். அடுத்த மே மாதத்துக்கு என்றால் விடுதிகளை இந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

அண்ணியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

என்றும் உங்கள்,
மாணிக்கம்