ஆண்டறிக்கை: பொதுக்குழுவின் பார்வைக்குச் செயலாளர் சமர்ப்பிப்பது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. விளையாட்டு விழாவும் இரத்ததான முகாமும் குறைவின்றி நடந்தன. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

கொடி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நகருக்கான அதிகாரபூர்வக் கொடிக்கு ஒரு வடிவத்தைப் பரிந்துரைக்கும்படி சென்ற பொதுக்குழு கொடிக்குழுவைப் பணித்தது. அதன் அழைப்பாளர் நான். வந்த ஓவியங்களில் பல, நகராட்சி முத்திரையைத் துணியில் பதித்து அடியில் பெயரை எழுதியவை. கம்பத்தில் ஏற்றினால் முத்திரை தூரத்துக்கு வெறும் வட்டமாகத்தான் தெரியும். பின்பக்கம் நிற்பவருக்கு எழுத்து இடவலம் மாறித் தெரியும். வட அமெரிக்கக் கொடியியல் சங்கத்தின் 2004ஆம் ஆண்டுக் கணிப்பில் 150 அமெரிக்க நகரக் கொடிகளில் கடைசி இடம் பெற்றது போகடெல்லோ நகரின், எழுத்துகள் பதித்த கொடி. அந்நகரம் 2017இல் அதை மாற்றிக்கொண்டது. முத்திரைகளை நான் நிராகரித்தது பிடிவாதத்தால் அல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்து, ஒவ்வொரு பகுதியினரும் தங்கள் அடையாளம் கொடியில் இடம்பெற வேண்டும் என்றார்கள். அத்தனையையும் சேர்த்தால் சின்னங்களின் பட்டியல்தான் மிஞ்சும். சிகாகோவின் 1917ஆம் ஆண்டுக் கொடியில் நீலப் பட்டைகள் நீர்நிலைகளையும், வெள்ளைப் பட்டைகள் நகரின் வடக்கு, மேற்கு, தெற்குப் பகுதிகளையும் குறிக்கின்றன. எந்த மதமும் எந்தச் சமூகமும் தனித்து நிற்கவில்லை. இரண்டாக இருந்த நட்சத்திரங்களுடன் 1933இலும் 1939இலும் ஒவ்வொன்று சேர்ந்தது. நமக்கும் அப்படி, பின்னால் வருவதற்கு இடம் விட்ட வடிவம் தேவை.

ஐந்து முறை கூட்டம் கூட்டினோம். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை சேர்ந்தது இரண்டே முறை. வராதவர்கள், தங்களைக் கலக்காமல் முடிவெடுப்பதாகப் பிறகு கடிதம் எழுதினார்கள். அது என்னை மிகவும் வருத்தியது. அதே வேளையில், நம் விதிப்படி வாக்குரிமை இல்லாத வாடகைக் குடியிருப்பாளர்கள் தவறாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்று வடிவங்களில் இரண்டு அவர்கள் வரைந்தவை. அவர்களைக் கேட்காமல் எல்லோருக்குமான கொடி என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கொடித் தேர்வில் மட்டுமாவது அவர்களுக்கும் வாக்குரிமை அளிக்கும் விதித்திருத்தத்தை இன்று முன்வைக்கிறேன்.

வரவு செலவு தணிக்கையாகிவிட்டது. கையிருப்பு திருப்திகரம், விவரம் பொருளாளரிடம். சந்தா நிலுவை மட்டும் கவலை தருகிறது. மாதிரிக் கொடிகளுக்குத் துணி வாங்கிய செலவை நானே ஏற்றேன், திருப்பிக் கேட்கவில்லை.

தலைவர், பொருளாளர், கூடம் தந்தவர்கள், ஓவியம் அனுப்பிய அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்வேன். மூன்று மாதிரிகளும் மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கின்றன. வாக்கெடுப்பு முடியும்வரை தயவுசெய்து யாரும் எழுந்து போகாதீர்கள்.

இப்படிக்கு,
செயலாளர்